மீதி மூணு யாருக்கு? கோட்டைத் தொகுதியின் பந்தயச் சந்தை விலையைப் படிக்க ஒரு முழு வழிகாட்டி

ஒண்டிக்கடையிலிருந்து நாகலூர் போகும் வழியில் சித்தப்பாவுக்குக் கொஞ்சம் காபித் தோட்டம் இருக்கிறது. களத்தில் பழம் காய்ந்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மச்சானிடமிருந்து ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்தது. அக்காவும் மச்சானும் கலிஃபோர்னியாவில், பே ஏரியா பக்கம் இருக்கிறார்கள். அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக்கு அவர்கள் தொகுதியில் யார் ஜெயிப்பார்கள் என்று ஒரு பந்தயச் சந்தை காட்டிய எண் அது: ஜனநாயகக் கட்சி 97.

சித்தப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "தொண்ணூத்தேழு சரி கண்ணு. மீதி மூணு யாருக்கு?"

"எதிர்க்கட்சிக்குங்க சித்தப்பா," என்றேன்.

"நூறு தடவ எலக்‌ஷன் வச்சா மூணு தடவ அவங்க ஜெயிப்பாங்களா? நம்ம மாப்பிள்ள ஊர்லயா?" என்று சிரித்துவிட்டுக் காபியைக் கிளறப் போய்விட்டார்.

அவர் சிரித்தது சரி, நான் சொன்னதுதான் தப்பு. சேலத்தில் வீட்டிலிருந்தபடியே தேர்தல் எண்களைத் துழாவும் வேலை பார்ப்பவன் நான். எனக்கே அந்த மூன்று எங்கே போகிறது என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அப்புறம் உட்கார்ந்து படித்ததைப் படிப்படியாக இங்கே எழுதுகிறேன். இழுபறித் தொகுதியில் 97-க்கு வேலை இல்லை, அங்கே 52, 48 என்று ஓடும். கோட்டைத் தொகுதியில்தான் இந்த எண் வரும், அங்கேதான் அதைத் தப்பாகப் படிப்பதும் சுலபம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது விலையைப் படிப்பதற்கான வழிகாட்டி, பணம் போடுவதற்கானது இல்லை. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்கிறது. அதற்கு முன்பே தமிழ்நாட்டுக்குத் தனிச் சட்டம் இருக்கிறது. காப்பித்தூள் விலையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொள்ளுங்கள், போதும்.

முதல் படி: அந்த எண் என்ன பொருள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

"இந்தத் தொகுதியில் இந்தக் கட்சி ஜெயிக்குமா?" என்று ஒரு கேள்வி. ஆம் என்றால் ஒரு டாலர் தரும் சீட்டு, இல்லை என்றால் சல்லிக்காசு தராது. அந்தச் சீட்டை 97 சென்ட் கொடுத்து ஒருவர் வாங்கினால், அவர் 97 சதவீதமாவது நம்புகிறார் என்று பொருள். விலையும் சதவீதமும் ஒரே எண்ணாக இருப்பதால்தான் தொலைக்காட்சியில் சட்டென்று "97 சதவீத வாய்ப்பு" என்று சொல்லிவிடுகிறார்கள்.

இது புதிய யோசனை இல்லை. 1988-இல் அயோவா பல்கலைக்கழகம் ஆராய்ச்சிக்காக இப்படி ஒரு சந்தையை ஆரம்பித்தது. ஒருவர் 500 டாலருக்கு மேல் போட முடியாது. 2014-இல் பிரிடிக்ட்இட் வந்தது. அப்புறம் பாலிமார்க்கெட், கால்ஷி. 2024-இல் கால்ஷி அமெரிக்க ஒழுங்குமுறை ஆணையத்தை எதிர்த்து நீதிமன்றத்தில் வென்ற பிறகுதான் அங்கே தேர்தல் சீட்டுகள் வெளிப்படையாகப் பெரிய அளவில் விற்பனைக்கு வந்தன. வரலாறு இவ்வளவு தெரிந்தால் போதும்.

இரண்டாம் படி: கேள்வியைக் கடைசி வரி வரை படியுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். "இந்தக் கட்சி ஜெயிக்குமா" என்பது ஒரு கேள்வி. "இந்த ஆள் ஜெயிப்பாரா" என்பது வேறு கேள்வி. கோட்டைத் தொகுதியில் இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு மலையே நிற்கும்.

மச்சான் இருக்கும் பகுதியிலேயே உதாரணம் இருக்கிறது. கலிஃபோர்னியாவில் 2012 முதல் முதற்சுற்று எல்லாக் கட்சிக்கும் பொது. முதல் இரண்டு இடம் பிடிப்பவர்கள், ஒரே கட்சிக்காரர்களாக இருந்தாலும், நவம்பரில் மோதுவார்கள். அந்த முதல் தேர்தலிலேயே, 1973 முதல் சபையில் இருந்த பீட் ஸ்டார்க், தன் கட்சிக்காரரான எரிக் ஸ்வால்வெல்லிடம் தோற்றார். 2016-இல் மைக் ஹோண்டா, அவரும் நீண்டகால உறுப்பினர், ரோ கன்னாவிடம் தோற்றார். இருவரும் ஜனநாயகக் கட்சிதான். அந்தத் தேர்தல்களில் "கட்சி ஜெயிக்குமா" என்ற சீட்டுக்கு நவம்பரில் வேலையே இல்லை, வாக்குச்சீட்டில் வேறு கட்சி கிடையாது. "ஆள் ஜெயிப்பாரா" என்பதில்தான் ஊரே இரண்டுபட்டது.

மற்ற மாநிலங்களில் பெரும்பாலும் பிரைமரி என்கிற உட்கட்சித் தேர்தல் தனியாக நடக்கிறது. 2014 ஜூனில் வர்ஜீனியாவில் எரிக் கேன்டர் தோற்றது அதில்தான். சபையில் அப்போது பெரும்பான்மையாக இருந்த குடியரசுக் கட்சியின் பெரும்பான்மைத் தலைவர் அவர். சொந்தக் கருத்துக்கணிப்பில் 34 புள்ளி முன்னிலை என்று காட்டியிருந்தது. டேவ் பிராட் என்ற பொருளாதாரப் பேராசிரியர் அவரைத் தோற்கடித்தார். நவம்பரில் அந்தத் தொகுதி அதே குடியரசுக் கட்சிக்கே போயிற்று. 2018-இல் நியூயார்க்கில் ஜோ க்ரௌலியை அலெக்ஸாண்ட்ரியா ஒகாசியோ-கோர்ட்டெஸ் வீழ்த்தியதும் பிரைமரியில்தான்.

ஆக, ஸ்கிரீன்ஷாட் வந்தால் முதல் கேள்வி: கட்சியா, ஆளா? ஆள் என்றால் பிரைமரி முடிந்துவிட்டதா? பிரைமரிக்கு முன்னால் ஒரு கோட்டைத் தொகுதி எம்.பி.க்கு 97 என்றால் அது கட்சிக்குக் கிடைக்கும் 97-ஐவிட எவ்வளவோ கனமான எண்.

மூன்றாம் படி: எந்த விலை என்று பாருங்கள்

திரையில் பெரிதாகத் தெரிவது பெரும்பாலும் கடைசியாக நடந்த வியாபாரத்தின் விலை, அல்லது அதை ஒட்டிய ஒரு எண். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று, வாங்குபவர் தரத் தயாராக இருக்கும் விலை. இன்னொன்று, விற்பவர் கேட்கும் விலை. நமக்கு வேண்டியது இந்த இரண்டும்தான்.

இதைச் சித்தப்பாவுக்குப் புரியவைக்க நான் எதுவும் செய்யவில்லை, அவரே சொன்னார். வாசலில் எடைத் தராசோடு வரும் மிளகு வியாபாரி ஒரு விலை சொல்வார். சித்தப்பா மனதில் ஒரு விலை இருக்கும். டீக்கடையில் "நேத்து இன்ன விலைக்குப் போச்சாம்" என்று மூன்றாவதாக ஒன்று ஓடும். "நேத்துப் போனது எவ்வளவு மூட்டை, யாரோடது, ஈரமா காய்ஞ்சதா? அத வச்சு நான் விக்க முடியுமா?" என்று கேட்டார். அவ்வளவுதான் விஷயம்.

இதில் நானே ஒருமுறை மூக்குடைபட்டேன். ஒரு கோட்டைத் தொகுதியின் எண் காலையில் 96, மதியம் 88. ஏற்காட்டிலிருந்து சேலம் இறங்குகிற பஸ்ஸில் உட்கார்ந்தபடி, "எட்டு புள்ளி சரிஞ்சிருச்சு, அங்க ஏதோ நடக்குது" என்று குழுவில் போட்டுவிட்டேன். இருபது கொண்டை ஊசி வளைவும் முடிந்து அடிவாரம் சேருவதற்குள் அக்கா அதை அவர்கள் ஊர்த் தமிழ்ச் சங்கக் குழுவுக்கு அனுப்பியிருந்தார். வீட்டுக்கு வந்து பார்த்தால், யாரோ ஒருவர் அவசரத்தில் நாற்பது சீட்டுகளை, கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டிருக்கிறார். மொத்தமே 35 டாலர் வியாபாரம். வாங்குபவர் விலை அரை மணி நேரத்தில் பழையபடி 95-க்கு வந்துவிட்டது. தொகுதியில் நடந்தது ஒன்றுமில்லை.

கோட்டைத் தொகுதிகளில் வியாபாரம் மெலிந்து கிடக்கும். முடிவு தெரிந்த ஆட்டத்துக்குக் கூட்டம் வராது. ஜவ்வரிசி ஆலைகளின் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ் நடத்தும் டெண்டரில் ஒரே ஜவ்வரிசி மாதிரிக்குப் பத்து வியாபாரிகள் விலை எழுதினால் அது விலை. இரண்டே பேர் எழுதினால் அது அவர்கள் இரண்டு பேருடைய அன்றைய மனநிலை. அதனால் மொத்த வியாபார அளவையும், இரண்டு விலைக்கும் நடுவே உள்ள இடைவெளியையும் கட்டாயம் பாருங்கள். 94-க்கு வாங்குபவர், 97-க்கு விற்பவர் என்று இருந்தால் "97 சதவீதம்" என்று சொல்லாதீர்கள். "94-க்கும் 97-க்கும் நடுவே" என்பதுதான் நேர்மையான பேச்சு.

நான்காம் படி: அந்த மூன்றைப் பிரித்துப் போடுங்கள்

சித்தப்பா கேட்ட கேள்விக்குப் பதில் இங்கே வருகிறது. ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

தேர்தலுக்கு இன்னும் ஏழு மாதம் என்று வைத்துக்கொள்வோம். விற்பவர் விலை 97. முடிவில் எந்தச் சந்தேகமும் இல்லை, சூரியன் கிழக்கே உதிப்பது போல நிச்சயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் நீங்கள் இந்தச் சீட்டுக்கு 100 சென்ட் கொடுப்பீர்களா? மாட்டீர்கள். ஏழு மாதம் பணம் முடங்கிக் கிடக்கும். அதே பணத்தை அமெரிக்க அரசுக் கடன் பத்திரத்தில் போட்டால், ஆண்டுக்கு 4 சதவீதம் என்று கணக்கு வைத்தால், ஏழு மாதத்துக்குச் சுமார் 2.3 சதவீதம் வரும். ஆக, முழு நிச்சயமான சீட்டுக்கே இன்றைய நியாய விலை 100-ஐ 1.023-ஆல் வகுத்தால் வருவது: ஏறக்குறைய 97.7 சென்ட்.

நம் 97-க்கும் நூறுக்கும் நடுவே இருந்த மூன்றில் இரண்டே கால் இப்படியே கரைந்துவிட்டது. அது யாருடைய வெற்றி வாய்ப்பும் இல்லை, வட்டி. சேவாப்பேட்டையில் வெள்ளியைக் கடனுக்குக் கொடுத்து வாங்கும் கொலுசு வியாபாரிக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு மாதத் தவணை விலையும் கைக்காசு விலையும் ஒன்றாக இருக்காது என்பது அவருக்குப் பாலபாடம்.

அடுத்து கட்டணம். கால்ஷியில் பொதுவான கணக்கு இது: 0.07 பெருக்கல் விலை பெருக்கல் ஒன்றில் விலை போக மிச்சம். 0.07 × 0.97 × 0.03 என்றால் 0.2 சென்ட். சின்னதுதான், ஆனால் நாம் இப்போது பேசிக்கொண்டிருப்பதே மூன்று சென்ட் பற்றி. பிரிடிக்ட்இட்டில் பல ஆண்டுகள் லாபத்தில் 10 சதவீதமும், பணத்தை வெளியே எடுக்கும்போது 5 சதவீதமும் பிடித்தார்கள். அந்தக் காலத்து விலைகளை இன்றைய விலையோடு ஒப்பிடுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

97.7-இல் 0.2 போனால் 97.5. விற்பவர் கேட்பது 97. மிச்சம் அரை சென்ட். ஆக, 97 கொடுத்து வாங்குகிறவர் "இந்தக் கட்சி தோற்க வாய்ப்பு நூற்றில் அரைக்கும் கீழே" என்று நம்பினால்தான் அவருக்குக் கட்டுப்படியாகும். மறுபக்கம், வாங்குபவர் விலையான 94-ஐ எடுத்துக்கொண்டால் மிச்சம் மூன்றரை சென்ட். உண்மையான தோல்வி வாய்ப்பு இந்த அரைக்கும் மூன்றரைக்கும் நடுவே எங்கோ இருக்கிறது. சந்தை அதற்கு மேல் துல்லியமாகச் சொல்லவில்லை. திரையில் மட்டும்தான் 97 என்று பளிச்சென்று இருக்கிறது.

ஒரு சின்ன எச்சரிக்கை. சில தளங்கள் முடங்கிக் கிடக்கும் பணத்துக்கு வட்டி தருகின்றன. அங்கே வட்டிக் கழிவைச் செய்யக்கூடாது, அல்லது குறைத்துச் செய்ய வேண்டும். தளத்தின் விதியைப் பார்த்துவிட்டுக் கணக்குப் போடுங்கள். அதேபோல், தேர்தலுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது 97 என்றால் வட்டிக் கழிவு கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. ஏழு மாதத்துக்கு முந்தைய 97-உம் இரண்டு வாரத்துக்கு முந்தைய 97-உம் ஒரே எண், வேறு வேறு செய்தி. கடைசி நாட்களிலும் 97-லேயே நிற்கிற கோட்டையைத்தான் நான் திரும்பிப் பார்ப்பேன்.

ஐந்தாம் படி: மலிவுச் சீட்டின் மயக்கத்தைக் கழியுங்கள்

மூன்று சென்ட்டுக்கு எதிர்க்கட்சிச் சீட்டு கிடைக்கிறது, ஜெயித்தால் ஒரு டாலர். லாட்டரி மனசு உடனே வேலை செய்யும். குதிரைப் பந்தயத்தில் 1940-களிலிருந்தே இதை அளந்து வைத்திருக்கிறார்கள்: வெல்ல வாய்ப்பில்லாத குதிரைக்கு மக்கள் தேவைக்கு மேல் பணம் கட்டுவார்கள், வெல்லப்போகும் குதிரைக்குக் குறைத்துக் கட்டுவார்கள். சரி, யாராவது அந்தத் தப்பைச் சரி செய்ய மாட்டார்களா என்று கேட்கலாம். அதற்கு எதிர்ப்பக்கம் நிற்பவர் 97 சென்ட்டை மாதக்கணக்கில் முடக்கி மூன்று சென்ட் சம்பாதிக்க வேண்டும். எவ்வளவு பேர் அதற்கு உட்காருவார்கள்? அதனால் தப்பு விலை தப்பாகவே நிற்கிறது.

பலர் போட்டியிடும் பிரைமரியில் இது இன்னும் அப்பட்டமாகத் தெரியும். மச்சான் அப்புறம் ஒருநாள் கிழக்குக் கரையில் நடக்கும் ஒரு பிரைமரியின் விலைகளை அனுப்பினார். ஐந்து பேர்: 84, 12, 5, 4, 3. ஜெயிக்கப்போவது ஒருவர்தான், கூட்டினால் 100 வர வேண்டும். கூட்டிப் பார்த்தேன், 108.

"நூத்தியெட்டா? என்ன, அர்ச்சனையா பண்றாங்க?" என்றார் சித்தப்பா.

இதைச் சரிசெய்ய ஊரெல்லாம் செய்வது, ஒவ்வொன்றையும் 1.08-ஆல் வகுப்பது. 84 இறங்கி 78 ஆகிவிடும், 12 என்பது 11, கடைசி மூன்று பேருக்கும் சேர்த்து 11. எனக்கு இது சரியாகப் படவில்லை. கூடுதலாக ஏறியிருக்கும் காற்று பெரும்பாலும் அந்த 5, 4, 3-இல்தான் இருக்கிறது. எட்டையும் அந்த மூவரிடமிருந்தே கழித்தால் 84, 12, மூவருக்கும் சேர்த்து 4. முன்னணி வேட்பாளரின் வாய்ப்பு 78-க்கும் 84-க்கும் நடுவே, 84-க்குப் பக்கமாக இருக்கும் என்று எழுதி வைத்துக்கொள்வேன். கூட்டியதெல்லாம் விற்பவர் விலை என்பதையும் கவனியுங்கள். வாங்குபவர் விலைகளைக் கூட்டினால் பெரும்பாலும் நூறுக்குக் கீழே வரும்.

ஆறாம் படி: சந்தையை மூடிவைத்துவிட்டு நீங்களே ஒரு எண் எழுதுங்கள்

இதற்கு அமெரிக்காவில் கைவசம் ஒரு கருவி இருக்கிறது. குக் பொலிட்டிகல் ரிப்போர்ட் 1997 முதல் ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு சாய்வு எண் போடுகிறது. கடைசி இரண்டு அதிபர் தேர்தல்களில் அந்தத் தொகுதி நாட்டின் பொதுப் போக்கிலிருந்து எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்தது என்பதுதான் அது. 'டி 20' என்றால் ஜனநாயகக் கட்சிப் பக்கம் 20 புள்ளி. பதவியில் இருப்பவர் மறுபடி நிற்கிறாரா என்று அடுத்ததாகப் பாருங்கள். பெரும்பாலான தேர்தல்களில் மறுபடி நின்ற உறுப்பினர்களில் 90 சதவீதத்துக்கு மேல் திரும்பி வந்திருக்கிறார்கள். எதிரே ஆள் உண்டா, ஊழல் வழக்கு ஏதும் உண்டா, அவ்வளவுதான்.

ஆனால் "கோட்டை" என்ற சொல்லை எவ்வளவு நம்பலாம் என்று தெரிய நமக்கு அமெரிக்கா போக வேண்டியதில்லை. எடப்பாடியைப் பாருங்கள். 2021-இல் எடப்பாடி பழனிசாமி 93,802 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். 2016-இல் 42,022. 2011-லும் அவர்தான். இந்த மூன்றை மட்டும் பார்த்தால் சந்தையில் 99 போடத் தோன்றும். கொஞ்சம் பின்னால் போனால் 1989, 1991-லும் அவர்தான். ஆனால் 1996-இல் பா.ம.க. ஜெயித்தது. 2001-லும் பா.ம.க., அ.தி.மு.க. கூட்டணியில் இருந்து. 2006-இல் பா.ம.க. தி.மு.க. பக்கம் போனது, பழனிசாமி தோற்றார். கோட்டையின் பாதிச் சுவர் கூட்டணிக் கட்சியின் வாக்கு. அது பக்கம் மாறினால் சுவரும் போகும்.

ஆக, நம் ஊரில் கோட்டைக்கு எண் போடும் எவரும் முதலில் கேட்க வேண்டியது வேட்பாளர் யார் என்று அல்ல, கூட்டணி முடிந்துவிட்டதா என்றுதான். அமெரிக்காவில் இரண்டு பெரிய கட்சிகள் மட்டும் என்பதால் இந்தக் கவலை இல்லை. அதனால்தான் அங்கே கோட்டை விலை 97-இல் பல மாதம் அசையாமல் கிடக்க முடிகிறது. இங்கே அப்படி ஒரு சந்தை இருந்தால் கூட்டணிப் பேச்சு நடக்கும் வாரத்தில் விலை ஊஞ்சலாடும்.

எந்தத் தேர்தலுக்குக் கோட்டை என்பதும் முக்கியம். 2021 சட்டமன்றத் தேர்தலில் சேலம் மாவட்டத்தின் 11 தொகுதிகளில் பத்து அ.தி.மு.க. கூட்டணிக்குப் போயின, சேலம் வடக்கு ஒன்றுதான் தி.மு.க.வுக்கு. ஆனால் சேலம் மக்களவைத் தொகுதியில் 2019-இலும் 2024-இலும் தி.மு.க.தான். பாதிக்கு மேல் அதே மக்கள், வேறு கேள்வி.

இடைத்தேர்தல் தனி ரகம். ஏற்காட்டில் 2013 டிசம்பரில் நடந்த இடைத்தேர்தலில் அ.தி.மு.க. 78,116 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தது. ஆளுங்கட்சி, ஒரே தொகுதி, மந்திரிகள் எல்லாம் மலையேறி வந்துவிட்டார்கள். ஒண்டிக்கடையில் அத்தனை வெள்ளை வேட்டியை அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை என்பார் சித்தப்பா. 2021 பொதுத்தேர்தலிலும் அதே கட்சிதான் ஜெயித்தது, வித்தியாசம் 26,000-க்குக் கொஞ்சம் கீழே. கோட்டை ஒன்றுதான், உயரம் மூன்றில் ஒரு பங்கு.

அமெரிக்காவில் இடைத்தேர்தல் பெரும்பாலும் ஆளுங்கட்சிக்கு எதிராக இழுக்கும். ஃப்ளோரிடாவின் ஆறாவது தொகுதியில் 2024-இல் டிரம்ப் சுமார் 30 புள்ளி முன்னிலை பெற்றார். 2025 ஏப்ரல் இடைத்தேர்தலில் அவர் கட்சி வேட்பாளர் சுமார் 14 புள்ளியில் ஜெயித்தார். டென்னசியின் ஏழாவது தொகுதியில் 22 புள்ளி முன்னிலை, 2025 டிசம்பரில் சுமார் 9 ஆயிற்று. "யார் ஜெயிப்பார்" என்ற சீட்டு இரண்டு இடத்திலும் சரியாகத்தான் சொன்னது. அது செய்தியே இல்லை. பாதிக்கு மேல் கரைந்த வித்தியாசம்தான் செய்தி. அது அந்தச் சீட்டின் விலையில் ஒரு நூல்கூடத் தெரியாது.

ஏழாம் படி: விதியையும் வரைபடத்தையும் சரிபாருங்கள்

வேட்பாளர் நடுவில் இறந்தால் என்ன, வெற்றி என்று எதை வைத்து முடிவு செய்வார்கள், ஊடக அறிவிப்பா அதிகாரபூர்வச் சான்றிதழா, எந்தத் தேதியில் பணம் வரும்? இதெல்லாம் விதிப் பக்கத்தில் இருக்கும். கலிஃபோர்னியாவில் அஞ்சல் வாக்குகளை எண்ணி முடிக்கவே வாரக்கணக்கில் ஆகும். தேர்தல் முடிந்து பத்து நாள் கழித்தும் விலை 99-இல் நின்றால் யாரும் பதற வேண்டாம், கணக்கு முடியவில்லை என்று மட்டும்தான் பொருள்.

தொகுதி எண்ணை நம்பாதீர்கள். 2025-இல் டெக்சாஸ் பத்தாண்டின் நடுவிலேயே எல்லைகளை மாற்றி வரைந்தது. பதிலுக்கு அதே ஆண்டு நவம்பரில் கலிஃபோர்னியா வாக்காளர்கள் ஒரு புதிய வரைபடத்தை ஏற்றார்கள். எண் பழையது, ஊர்கள் புதியவை. சேலத்துக்காரர்களுக்கு இது அனுபவப் பாடம்: பனமரத்துப்பட்டி, தாரமங்கலம், தலைவாசல் என்று இருந்த தொகுதிகள் 2008 மறுசீரமைப்பில் போயே போய்விட்டன. அந்தப் பெயர்களில் இருந்த பழைய வித்தியாசங்களை எடுத்துப் புதுத் தொகுதியில் ஒட்டினால் எப்படியோ அப்படித்தான் இதுவும்.

எட்டாம் படி: நோட்டில் எழுதி, கூட்டமாகச் சரிபாருங்கள்

ஒரு தொகுதியை வைத்து 97 சரியா தப்பா என்று சொல்லவே முடியாது. ஜெயித்தால் "பார்த்தாயா" என்பார்கள், தோற்றால் "மூன்று சதவீதம் இருந்ததே" என்பார்கள். முன்கணிப்பை அளக்கும் வழக்கமான வாய்ப்பாட்டில், நீங்கள் சொன்ன எண்ணுக்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசத்தை அதாலேயே பெருக்கி வைப்பார்கள், எண் குறைந்தால் கணிப்பு நல்லது. 97 சொல்லி ஜெயித்தால் 0.03-இன் வர்க்கம், 0.0009. தோற்றால் 0.94. 99 சொல்லி ஜெயித்தால் 0.0001. ஒரே தொகுதியில் 97 சொன்னவரையும் 99 சொன்னவரையும் இதை வைத்துப் பிரிக்கப் பார்ப்பது, கொலுசை உரசிப் பார்க்காமல் கண்ணாலேயே டச், அதாவது வெள்ளியின் சுத்தம், சொல்வது போல.

அதனால் கூட்டமாக எடுங்கள். அமெரிக்கச் சபையில் 435 தொகுதிகள், பெரும்பாலானவை ஏதோ ஒரு கட்சியின் கோட்டை. ஒரே நாளில், ஒரே நேரத்தில், 95 முதல் 98 வரை விலை காட்டும் தொகுதிகளை எல்லாம் ஒரு பட்டியலில் போடுங்கள். 200 கிடைத்தால், 97 என்பது உண்மை என்றால் ஆறு கோட்டைகள் விழ வேண்டும். ஒன்றோ இரண்டோதான் விழுந்தது, அல்லது ஒன்றும் விழவில்லை என்றால், நான்காம் படியில் பிரித்த வட்டியும் ஐந்தாம் படியில் பார்த்த லாட்டரி மனசும்தான் அந்த மூன்று. ஒரு விஷயம் மட்டும் நினைவிருக்கட்டும்: கோட்டைகள் தனித்தனியாக விழுவதில்லை. அலை அடித்தால் சேர்ந்து விழும், அடிக்காவிட்டால் ஒன்றும் விழாது. அதனால் ஒரு தேர்தலின் பட்டியலை வைத்துத் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள், இரண்டு மூன்று தேர்தலாவது வேண்டும்.

என் நோட்டில் ஒரு வரிக்கு ஏழு கட்டம்: தேதி, தொகுதி, கட்சியா ஆளா, வாங்குபவர் விலை, விற்பவர் விலை, வியாபார அளவு, சந்தையைப் பார்க்கும் முன் நான் எழுதிய என் எண். கடைசிக் கட்டத்தை முதலில் நிரப்ப வேண்டும். விலையைப் பார்த்துவிட்டு எழுதினால் கை தானாக அதன் பக்கம் போகும், எனக்குப் பலமுறை போயிருக்கிறது.

மச்சானின் தொகுதிக்கு நான் எழுதியிருப்பது 99.5. சித்தப்பாவிடம் காட்டினேன்.

"அப்ப அர எதுக்கு வச்சிருக்க?"

"வேட்பாளருக்கு ஏதாவது ஆச்சுன்னா, வரைபடம் மாறுச்சுன்னா, விதியில சிக்கல் வந்துச்சுன்னா. அதுக்குங்க சித்தப்பா."

"அது சரி," என்று சொல்லிவிட்டு, மிளகு வியாபாரியின் ஜீப் சத்தம் கேட்டு எழுந்தார்.